உடனே அமலுக்கு வந்த ராஜினாமா

எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து அழகாகிவிடும். சாதாரண நாட்களில் நான் எழுதுவது கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். யாராவது என்னை அவமானப்படுத்திவிட்டால் போதும், எழுத்துகள் எல்லாம் நிமிர்ந்து நின்று, வரி கோணாமல், அச்சில் வார்த்தது போல வந்து விழும். என் வாழ்நாளிலேயே மிக அழகான கையெழுத்தில் நான் எழுதியது ஒரு ராஜினாமாக் கடிதம். அதைக் கையில் வாங்கியவர்களில் ஒருவர்கூடக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

நடந்தது மலாயாவில், 1952இல், மாசி மாதத்தில். தேதியும் எனக்குத் தெரியும். ஆனால் என் மனைவி அதற்கு அடுத்த வாரம் என்று சாதிக்கிறாள். வீட்டில் அமைதி நிலவ வேண்டும் என்பதற்காக வரலாற்றில் இந்த ஓர் இடத்தை மட்டும் வெற்றாக விட்டுவைத்திருக்கிறேன். (தேதி நான் சொல்வதுதான்.)

பகாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. ஆபீசில் எனக்கு மேலே பெரிய கிராணி, அவருக்கு மேலே துரை, துரைக்கு மேலே ஓட்டைக் கூரை. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன் நான். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பேன். ரோமாபுரி எப்போது விழுந்தது, பாரிஸ் சிறையை எப்போது உடைத்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தோட்டத்தில் யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

அது அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டங்களிலிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அதனால் தொழிலாளர் குடியிருந்த லயங்கள், கிராணி வீடுகள், ஆபீஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி. ஒரே ஒரு கேட்டு. கேட்டில் துப்பாக்கியோடு எஸ்.சி. என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள். மாலையில் கேட்டைச் சாத்திவிட்டால் ஊரடங்கு. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் காலையில் பெரட்டு என்கிற ஆள் கணக்கு முடிந்து கேட்டைத் தாண்டும்போது ஒருவர் பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது மறுபடி கூப்பிட்டுக் குறிக்க வேண்டும். போனவர்கள் எல்லோரும் வந்தார்களா என்று பார்ப்பதற்கு.

அந்த வேலையைப் பெரிய கிராணி என் தலையில் கட்டினார். "ஒரு வாரத்துக்குத்தான் தம்பி" என்றார். அந்த ஒரு வாரம் தீபாவளியைத் தாண்டி, பொங்கலைத் தாண்டி, தைப்பூசத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன், விடியும் முன்னே பனியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, "அஞ்சலை... ஆறுமுகம்... இருளாயி..." என்று கூவிக்கொண்டிருந்தேன். அதையும் பொறுத்தேன். புதன்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை காலை பசி. ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் தயிர்ச் சோறு கொண்டுவந்திருந்தேன். முக்காலி எப்போதும் கேட்டுக்கு உள்பக்கம்தான் இருக்கும். அன்று தூறல் போட்டதால், வெளிப்பக்கம் நின்ற மரத்தடிக்கு அதை நகர்த்திப் போட்டேன். முக்காலி நகர்ந்தது, நான் நகர்ந்தேன், தூக்குச்சட்டியும் கூட நகர்ந்தது. யூசோப் என்ற எஸ்.சி. நல்ல மலாய்ப் பையன், தினமும் என்னிடம் சிகரெட் வாங்கிப் பிடிப்பவன். அவன் வந்து என் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தான்.

"கெரானி, நாசி" என்றான். நாசி என்றால் சோறு. அதைத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டுமா?

"எனக்குத்தான். சாப்பிட" என்றேன்.

"லுவார்" என்று கேட்டைக் காட்டினான். வெளியே, என்று அர்த்தம். சமைத்த சோறு கேட்டைத் தாண்டிவிட்டது. உத்தரவு உத்தரவுதான்.

வேலைக்குப் போக வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த லயத்து அஞ்சலையக்காதான் ஆரம்பித்தாள்.

"ஐயோ, கிராணி ஐயா காட்டுக்காரனுக்குத் தயிர்ச் சோறா கொண்டுக்கிட்டு போறாரு?"

"அவங்க கறி கேக்குறாங்களாம்டி. இவரு தயிர்ச் சோறு போட்டா துப்பாக்கிய வச்சிட்டு ஓடியாந்துருவாங்க" என்றாள் பின்னால் நின்ற இருளாயி.

"ஊறுகாய் வச்சிருக்காரான்னு பாருலா, யூசோப்பு!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதையும் பொறுத்திருப்பேன். பெரிய கிராணி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆபீஸ் தினசரிக் குறிப்பில், என் கண்ணெதிரே, 'சின்னக் கிராணி சமைத்த உணவுடன் கேட்டுக்கு வெளியே பிடிபட்டார்' என்று எழுதிவிட்டு, "எழுதாம இருக்க முடியாது தம்பி. நாளைக்கு போலீசு கேக்கும்" என்றார். பிடிபட்டார்! ஏதோ நான் புதரில் ஒளிந்து ஓடினேன், விரட்டிப் பிடித்தார்கள் என்பது போல.

அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்து அப்படி ஓர் அழகு. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் போயிற்று. பழைய கிரேக்க நாட்டின் சுதந்திரத்தில் ஆரம்பித்தேன். இங்கிலாந்து மன்னர் பிரபுக்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமைச் சாசனத்தை இழுத்தேன். 'விசாரணையின்றி எவரையும் குற்றவாளி என்று குறித்துவைக்கும் வழக்கம் உங்கள் நாட்டிலேயே ஒழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன' என்று துரைக்கே அவர் நாட்டு வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தேன். தயிர்ச் சோறு எங்கோ நடுவில் ஒரு வரியில் வந்து போயிற்று. கடைசியில், 'ஆகவே என் ராஜினாமா உடனடியாக அமலுக்கு வருகிறது' என்று முடித்தேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுப்பதுதான் முறை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கிரேக்க நாட்டில் தொடங்கிய கடிதத்தை 'ஒரு மாத நோட்டீஸ்' என்று எப்படி முடிப்பது?

கடிதத்தைத் துரையின் மேசையில் வைத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஆள் போனால் பெயரை அடிக்க வேண்டியது சின்னக் கிராணியின் வேலை. சின்னக் கிராணி நான்தான். செக்ரோல் என்கிற சம்பளப் பட்டியலில் என் பெயரை அடித்தேன். அரிசிப் பட்டியலில் அடித்தேன். கேட்டுப் பட்டியலில் அடித்தேன். மூன்றிலும் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து. பக்கத்தில் தேதியும் என் சுருக்கொப்பமும். வேறு யாராவது செய்திருந்தால் இத்தனை சுத்தமாக இருந்திருக்காது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். யூசோப் பட்டியலைப் பார்த்தான். "நாமா தாடா லா" என்றான். பெயர் இல்லை.

"பெயர் இல்லாததால்தான் போகிறேன்" என்றேன்.

பெயர் இல்லாதவன் எப்படிப் போக முடியும் என்று கேட்டான். யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பட்டியலில் இருப்பவன் வேலைக்கு வெளியே போகலாம். தோட்டத்தை விட்டே போகிறவன் துரை கையெழுத்துப் போட்ட சீட்டோடு பகாவ் போலீசில் பதிந்துகொண்டு போகலாம். நான் இரண்டிலும் சேராதவன். துரையோ அன்று காலைதான் கோலாலம்பூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். கோபம் வந்த கையோடு காலையிலேயே எழுதியிருந்தால் பிடித்திருக்கலாம்.

பெரிய கிராணியிடம் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதுவரை எனக்காக அவர் எழுந்ததே இல்லை.

"வாங்க மிஸ்டர். உக்காருங்க. என்ன வேணும்?"

"என்னய்யா மிஸ்டர்ங்கிறீங்க?"

"வேலையில இருந்தா தம்பி. வெளி ஆளுன்னா மிஸ்டர். மரியாதை கொடுக்கணும்ல."

"ஐயா, துரை எப்ப வருவாரு?"

"ஞாயித்துக்கிழமை வருவாரு."

"அதுவரைக்கும் எனக்கு அரிசி?"

அரிசிப் பட்டியலை எடுத்து விரித்து, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "உங்க பேரு அடிச்சிருக்கே, மிஸ்டர். யாரு அடிச்சது? ஓ. நீங்களேதானா? ரொம்ப நேர்த்தியா அடிச்சிருக்கீங்க."

ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் வேலையை விட்டிருக்கிறார்கள். வேலையும் போய், வெளியேயும் போக முடியாமல், உள்ளே இருக்கவும் உரிமை இல்லாமல், தன் கையாலேயே தன் சோற்றில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டவன் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரிவிக்கலாம். அன்று இரவு அஞ்சலையக்காதான் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். "சாப்புடுங்க. இதுக்குப் பட்டியல் இல்ல" என்றாள். அம்மாவும் அப்பாவும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள். உறவு என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்திதான்.

கிழங்கை மென்றுகொண்டிருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் மூளையில் ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் பக்கத்து மம்பாவிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. பெண்ணின் அப்பா சபாபதி சிரம்பான் கோர்ட்டில் துபாஷி. நீதிபதி சொல்வதைத் தமிழிலும், சாட்சி சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்கிறவர். ஒரே பெண், பெயர் கமலம். போட்டோவில் பார்த்திருந்தேன். 'மாப்பிள்ளை தோட்டத்தில் கிராணி, தனி வீடு, நிலையான வேலை' என்று தரகர் சொல்லியிருந்தார். அந்த மூன்றில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை.

'வர வேண்டாம்' என்று தகவல் சொல்லலாம் என்றால், தந்தி கொடுக்கப் பகாவுக்குப் போக முடியாது. ஆபீஸ் தபால் பையில் கடிதம் போடலாம் என்றால், "பை ஸ்டாஃபுக்கு மட்டும், மிஸ்டர்" என்றார் பெரிய கிராணி. அந்த மனிதருக்கு அந்த வாரத்தில் முகமே மலர்ந்துவிட்டது. பத்து வயது குறைந்தவர் மாதிரி நடமாடினார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு டாக்சி கேட்டில் வந்து நின்றது. நான் சலவைச் சட்டையோடு கம்பிக்கு உள்ளே நின்றேன். வேட்டியும் கோட்டும் குடையுமாக ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள். அவருடைய அக்கா. டாக்சிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு உருவம். ஊர் இருக்கும் நிலையில் பெண்ணைத் தனியே வீட்டில் விட்டுவர முடியாது என்று அழைத்து வந்திருந்தார்கள்.

சபாபதி யூசோப்பிடம் மலாயில் கேட்டார். யூசோப் பட்டியலைப் பார்த்தான். நான் கம்பிக்கு உள்ளேயிருந்து கையை ஆட்டினேன். யூசோப் என்னைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான். "வடிவேலு தாடா" என்றான்.

"இருக்கேங்க! இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினேன்.

அவர் கம்பி ஓரம் வந்தார். "தம்பி, வடிவேலுன்னு இங்க ஆளே இல்லேன்னு காவல்காரன் சொல்றான். நீங்க யாரு?"

"நான்தாங்க வடிவேலு."

"அத்தாட்சி?"

அடையாள அட்டையைக் கம்பி வழியே நீட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். எந்தக் கொலை வழக்கிலும் ஒரு சான்றுப் பொருளை யாரும் அத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஆளு சரிதான்க்கா" என்றார் அக்காவிடம்.

"உசரமாத்தான் இருக்கான். கம்பிக்கு மேலயே தலை தெரியுது" என்றாள் அந்த அம்மாள். "ஏன் தம்பி, கதவைத் திறக்கச் சொல்லலாம்ல?"

"பட்டியல்ல பேர் இல்லாதவனுக்கு விருந்தாளி வரக் கூடாதுங்க, அத்தை."

"கிராணி பேரே பட்டியல்ல இல்லியா?" என்றார் சபாபதி.

"நான் இப்ப கிராணி இல்லீங்க. வேலைய விட்டுட்டேன்."

"எப்ப?"

"புதன்கிழமை."

"நாங்க ஞாயித்துக்கிழமை வர்றோம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சே விட்டிருக்கீங்க." கோர்ட்டில் 'எழுதிக்கொள்ளவும்' என்று சொல்கிற அதே குரல்.

"ஞாயித்துக்கிழமை காப்பி போட்டுக் குடுத்துட்டு விட்டிருக்கக் கூடாதா தம்பி? நாக்கு வறண்டு போச்சு" என்றாள் அத்தை.

காரணத்தைச் சொன்னேன். தயிர்ச் சோற்றை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, விசாரணையற்ற தண்டனை, மனித கௌரவம் என்று சுற்றிவளைத்தேன். முள்கம்பி வழியாகக் கௌரவத்தைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் சட்டைக் கை வேறு கம்பியில் மாட்டிக்கொண்டது.

சபாபதி குடையை மடக்கினார். "தம்பி, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா வேலை இல்லாத ஆளுக்கு என் பொண்ணைக் கொடுக்க முடியாது. அக்கா, வண்டியில ஏறு. இருட்டறதுக்குள்ள கோலா பிலாவைத் தாண்டணும்."

எனக்கு உயிரே போயிற்று. அன்றுவரை போட்டோவில் மட்டும் பார்த்த பெண்தான். ஆனால் அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும். டாக்சியின் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. ஒரு கண்ணும் ஒரு புருவமும் தெரிந்தன. புருவம் சிரித்தது என்று இன்றும் சொல்வேன். அவள் இல்லை என்கிறாள்.

டாக்சி திரும்ப முடியவில்லை. எதிரே துரையின் இரும்புத் தகடு அடித்த கார் வந்து வழியை அடைத்தது. துரை இறங்கினார். இதற்காகவே பிறந்தவர் போலப் பெரிய கிராணி ஓடி வந்து கேட்டுக்கு வெளியே போய் என் கடிதத்தை நீட்டினார்.

நம் துரைக்குத் தமிழ் தெரியும். தெரியும் என்பதில் அவருக்குப் பெருமை. ஆனால் அதை அவர் கற்றுக்கொண்டது வேலைக் காட்டில், மண்டோர் என்கிற மேஸ்திரி ஆட்களை விரட்டுவதைக் கேட்டுக் கேட்டு. ஆகவே அவருடைய தமிழில் வா, போ, நில், வெட்டு, டேய் இவ்வளவுதான் உண்டு. 'நீங்கள்' என்று ஒரு சொல் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவதைப் பார்த்தார். மற்றதைப் புரட்டினார். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"டேய் கிராணி. இது என்னா கதை?"

நான் வாயைத் திறப்பதற்குள் சபாபதியைப் பார்த்துவிட்டார். "நீ யாரு? எந்த லயம்?"

சபாபதி நிமிர்ந்தார். தாம் சிரம்பான் கோர்ட்டில் துபாஷி என்றும், சம்பந்தம் பேச வந்திருப்பதாகவும் மிக நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். எந்த நீதிபதியும் தலையசைத்திருக்கும் ஆங்கிலம். துரைக்கோ தம் தமிழை விட்டுக்கொடுக்க மனமில்லை.

"சரி, சரி. நீ தள்ளி நில்லு. வண்டிய ஓரமா போடு. போ, போ."

அத்தை தாம்பாளத்தோடு சபாபதியின் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவன் உன்னைய 'நீ'ங்கிறான்டா!"

"காதுல விழுந்துச்சுக்கா." சபாபதியின் முகம் குங்குமமாகிவிட்டது. இருபது வருஷமாக வெள்ளைக்காரன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை சேர்த்துத் தமிழாக்கிக் கொடுத்து வந்த மனிதர் அவர். முதல் தடவையாக ஒரு வெள்ளைக்காரன் துபாஷி இல்லாமலே நேராகப் பேசிவிட்டான்.

துரை என் பக்கம் திரும்பினார். "லெட்டர் சரியில்ல. ஒரு மாசம் நோட்டீசு இல்ல. வேல போகாது. நாளைக்குக் கேட்டுல நில்லு. பேரு எழுது. சோறு வாங்கு. போ." கடிதத்தைக் கம்பி வழியே என்னிடமே திணித்தார்.

உண்மையைச் சொல்கிறேன். கிரேக்க நாட்டின் சுதந்திரத்தை எடுத்துக்காட்டிய நான், 'சோறு வாங்கு' என்ற சொல்லைக் கேட்டதும் சர்க்கரையாகக் கரைந்துவிட்டேன். வேலை வந்துவிட்டது! வேலை வந்தால் பெண்ணும் உண்டு! "எஸ் சார்" என்பதற்கு வாயில் 'எஸ்' வரை வந்துவிட்டது.

"தம்பி! ஒத்துக்காதீங்க!" என்றார் சபாபதி.

"ஐயா, வேலை இருந்தாத்தான் பொண்ணுன்னு இப்பத்தானே..."

"அது அப்ப. இந்த ஆளுகிட்ட கைகட்டி வேலை பாக்குறவனுக்கு என் பொண்ணு கிடையாது."

வேலை இல்லையென்றால் பெண் இல்லை. வேலை இருந்தாலும் பெண் இல்லை. நான் அப்படி என்ன பாவம் செய்துவிட்டேன்? ஒரு முக்காலியை நகர்த்தினேன். அவ்வளவுதான்!

"அவருக்கு ஒரு மாச நோட்டீஸ்தானே வேணும்? இப்பவே கொடுங்க" என்றார் சபாபதி. "எழுதுங்க. நான் சொல்றேன்."

காகிதத்துக்கு எங்கே போவது? என் கடிதத்தின் கடைசிப் பக்கம் பின்புறம் காலியாக இருந்தது. கேட்டுக் கம்பத்தில் வைத்து எழுத ஆரம்பித்தேன். அவர் கோர்ட்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். 'மேற்படி தோட்டத்தில் மேற்படி பதவியில் இருந்துவரும் கீழே கையொப்பமிடும் மேற்படி...' என்று அவர் கோபமும் என் கோபத்தைப் போலவே நீளமாகப் போயிற்று. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான்.

அப்போது டாக்சிக் கண்ணாடி முழுதாக இறங்கியது.

"அப்பா, மூணு வரி போதும்ப்பா. இன்னைலேருந்து ஒரு மாச நோட்டீஸ், அதோட வேலைய விடறேன், நன்றி. வெளிச்சம் போயிக்கிட்டிருக்கு."

"நன்றி எதுக்கும்மா? இந்த ஆளுக்கா?"

"போட்டா என்னப்பா கொறஞ்சிடும்? கையெழுத்து வாங்கணும்ல."

அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். மூன்று வரி எழுதினேன். கோபம் போய்விட்டதால் கையெழுத்து மறுபடி கோழி கிளறியது மாதிரி ஆகிவிட்டது. துரை ஒரே பார்வையில் படித்தார். "இது லெட்டர்" என்றார். காரின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். என் நூற்றாண்டுகள் அத்தனையும் அந்தக் காகிதத்தின் மறுபக்கத்தில் குப்புறக் கிடந்தன.

கேட்டு திறந்து துரையின் கார் உள்ளே போயிற்று. சபாபதி என்னைப் பார்த்து, "அப்ப மாப்பிள்ளை, அடுத்த மாசம் பெட்டியத் தூக்கிக்கிட்டு நேரா மம்பாவுக்கு வந்துருங்க" என்றார். மாப்பிள்ளை! எனக்கு வேலை இல்லை, வீடு இல்லை, ஆனால் மாப்பிள்ளை.

"அப்ப தட்டு மாத்திருவோம். கொண்டாந்த தட்டை வெறுமனே தூக்கிக்கிட்டுப் போகக் கூடாது" என்றாள் அத்தை. தாம்பாளத்தில் பழம், தேங்காய், கற்கண்டு, வெற்றிலை. கேட்டு வழியே உள்ளே வந்தது. உள்ளே வருவதற்கு உத்தரவில் தடை இல்லை. எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு தட்டு போக வேண்டுமே! அஞ்சலையக்கா மாப்பிள்ளை வீட்டாராக நிமிர்ந்து நின்று, வீட்டிலிருந்து ஒரு தட்டில் தேங்காயும் வெல்லமும் கொண்டு வந்தாள். யூசோப் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

"மாக்கானான்" என்றான். சாப்பாடு. வெளியே போகக் கூடாது.

"டேய், இது நிச்சயதார்த்தம்டா!" என்றாள் அஞ்சலையக்கா.

"கெலாப்பா தா போலே லா, காக்கா." அக்கா, தேங்காயும் கூடாது.

"வெல்லம்?"

அதுவும் கூடாது. கடைசியில் அஞ்சலையக்கா தன் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். வாடிய வெற்றிலை ஒரு பிடியும் கொட்டைப்பாக்கும் தட்டுக்கு வந்தன. யூசோப் பாக்கை எடுத்து முகர்ந்து பார்த்தான். யோசித்தான். 'போலே', போகலாம், என்று தலையசைத்தான். மலாயாவிலேயே ஆயுதப் போலீசின் அனுமதியோடு நிச்சயமான கல்யாணம் எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஒரு மாதம் நான் மறுபடி முக்காலியில் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டேன். பெரிய கிராணி 'மிஸ்டரை' விட்டு 'தம்பி'க்குத் திரும்பினார். தினசரிக் குறிப்பில் இருந்த 'பிடிபட்டார்' மட்டும் அப்படியே இருந்தது. நான் கேட்டபோது, "நோட்டீசுல இருக்குற ஆளு பழைய விஷயத்தைக் கிளறக் கூடாது" என்றார். அதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று இன்றுவரை தேடுகிறேன்.

வைகாசியில் கல்யாணம். அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் எனக்கு இரண்டாவது தடவையாகக் கையெழுத்து அழகாகும் நிலை வந்துவிட்டது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே அவருடைய உத்தியோகத்தைப் போடுவது வழக்கம். எனக்கு அப்போது உத்தியோகம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த வரியை விட்டிருப்பார்கள். என் மாமனாரோ வாழ்நாளெல்லாம் 'உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை' என்று மொழிபெயர்த்தவர். என் பெயருக்குக் கீழே, 'முன்னாள் சின்னக் கிராணி (ராஜினாமா)' என்று தடித்த எழுத்தில் அச்சடித்து, ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார். சிலர் ராஜினாமா என்பது நான் வாங்கிய பட்டம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகக் கைகுலுக்கினார்கள்.

பிறகு சிரம்பானில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். அதே கம்பெனி, அதே மேசை. முதலாளிகள் மாறினார்கள், லாரிகள் மாறின, நாடு சுதந்திரம் அடைந்தது, நான் மாறவில்லை. அப்படியும் மம்பாவில் எனக்கு 'ராஜினாமா மாப்பிள்ளை' என்றுதான் பெயர். கொஞ்சம் வயதானதும் ராஜினாமா அண்ணன். அப்புறம் ராஜினாமா மாமா. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வேலையை விட்டவனுக்கு இந்தப் பெயர்! வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர்களெல்லாம் அதே தெருவில் நல்ல பெயரோடு நடமாடுகிறார்கள்.

எங்கள் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெரு முனைக் கடையில் வழி கேட்டிருக்கிறார்கள். "யாரு, ராஜினாமா வீடா? நேரா போங்க" என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், "தப்பா நெனைக்காதீங்க. நீங்க இப்ப வேலையிலதானே இருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் கமலம் கேசரித் தட்டோடு வந்துவிட்டாள்.

"இருக்காருங்க. வருஷா வருஷம் ஒரு லெட்டர் எழுதுறாரு. நான்தான் இன்னும் ஒண்ணையும் தபால்ல சேக்கல" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று.

அவள் சொன்னது அபாண்டம். எல்லா வருஷமும் நான் எழுதவில்லை.